உன் அம்மா நம்பின ஸ்கேன்

அம்மிணி, சாயப்பட்டறைகளை எல்லாம் பூட்டச் சொல்லிக் கோர்ட்டு உத்தரவு வந்த வருஷம் அது. பொங்கல் முடிந்து பதினைந்து நாள்கூட ஆகியிருக்காது, பட்டறை பட்டறையாக வந்து கரண்டைப் பிடுங்கினார்கள். அந்த வருஷம்தான் கிரிக்கெட்டில் நம்ம ஆட்கள் உலகக் கோப்பையை வாங்கினார்கள். வேலையில்லாமல் கிடந்த ஊரும் வெடி வாங்கி வெடித்தது. அந்த வருஷம்தான் மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் தருகிறோம் என்று ஓட்டுக் கேட்டு ஆட்சி மாறியது. நீ ப்ளஸ் டூ பரீட்சை எழுதினாய். எனக்கு வருஷத்தை நம்பரில் எழுதத் தெரியாது. கூட என்னென்ன நடந்தது என்று சேர்த்து முடிச்சுப் போட்டுத்தான் மனதில் வைத்திருக்கிறேன். அந்த முடிச்சில் ஒன்றுகூட இதுவரைக்கும் அவிழ்ந்ததில்லை. அந்த வருஷத்து மாசி மாசத்தில் நான் செய்த ஒன்றை உனக்குச் சொல்லாமலே இத்தனை காலம் ஓட்டிவிட்டேன். இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நான் சொல்லச் சொல்ல மேல்வீட்டுக் கலாமணி எழுதுகிறாள். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிற கண், ஒரு ஓட்டையை விடமாட்டாள். ‘இந்த எடத்துல தாண்டிப் போறீங்கண்ணா’ என்று இப்பவே ரெண்டு தடவை நிறுத்திவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் ஒன்றும் பேசவில்லை. உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். நாலு வருஷமாக எலிக்குக் கொடுத்துப் பார்த்த வைத்தியத்தை இனி மனுசருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அனுமதி வந்துவிட்டது என்றாய். கூப்பாடு போட்டுச் சொல்ல வேண்டிய சேதி. உன் குரலில் அந்தச் சந்தோஷம் இல்லை. வருகிற நோயாளிகளிடம் இது என்ன, இதனால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று தமிழில் எடுத்துச் சொல்கிற பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆளாக வந்து உன் எதிரில் உட்கார்ந்தது நம்ம அங்கமுத்து. என்னோடு இருபத்திரண்டு வருஷம் பக்கத்து மிசினில் நின்றவன், உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் தேருக்குப் போனவன், இன்றைக்குக் கல்லீரலில் கட்டியோடு வந்து ‘இதுல சரியாயிருமா அம்மிணி?’ என்று கேட்டிருக்கிறான். இந்தத் தடவை பார்ப்பது கெடுதல் ஏதும் செய்கிறதா இல்லையா என்பதைத்தான், குணமாகும் என்று சொல்கிற நிலைமையில் நாங்கள் இல்லை என்று நீ சொல்லியிருக்க வேண்டும். ‘பாக்கலாம் மாமா’ என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுதாயாம். ‘என்னால ஆகாதுப்பா. அந்த நாற்காலியில வேற யாராச்சும் உக்காரட்டும், நான் எலிகளோடயே இருந்துக்கறேன்’ என்றாய். உன்னை அந்த நாற்காலியில் திரும்ப உட்காரச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் உட்காரச் சொல்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்பதை நீ முழுதும் கேட்டுவிட்டு முடிவு செய்.

உன் அம்மாவுக்கு அதற்கு முந்தின வருஷம் தோள்பட்டை வலி வந்தது. கம்பெனியில் பகலெல்லாம் பீஸ் மடிக்கிற வேலை, கையைத் தூக்க முடியவில்லை. ஒரு இடத்தில் தோளில் குளுகுளு என்று பசை மாதிரி ஒன்றைத் தடவி, மைக் மாதிரி ஒரு கருவியை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார்கள். பத்து நாள் போனாள், வலி விட்டுவிட்டது. மாசி மாசத்தில் வலது பக்க விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அங்கேயும் அதே பசை, அதே மைக். உள்ளே போனவள் கால்மணி நேரம் கழித்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு சிரித்த முகமாக வெளியே வந்தாள். ‘ஏனுங்க, இப்பவே கொஞ்சம் தேவலையாட்டத்தான் இருக்குது. நல்ல மிசினுங்க’ என்றாள். வைத்தியம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அவளை நினைத்துச் சிரிக்காதே. தோளுக்கு வைத்ததும் வயிற்றுக்கு வைத்ததும் அவள் கண்ணுக்கு ஒன்றுதான். ஒன்று வலியை எடுக்கிற மிசின், இன்னொன்று பார்க்க மட்டும் செய்கிற மிசின் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லியிருக்கலாம். கருவியைப் பிடித்த பெண் கதவோரம் என்னை நிறுத்தி, நாளைக்கு வந்து ஸ்கேன் சீட்டை வாங்கிக்கொண்டு தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

மறுநாள் போனேன். தனியாகப் போகக் கால் வரவில்லை, அங்கமுத்துவையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு ஈரலில் நெல்லிக்காய் அளவு கட்டி இருக்கிறது, இந்த வாரமே கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட வழியிருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா உனக்குக் கம்மஞ்சோறு கரைத்துக்கொண்டு, மிசின் வைத்த கதையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ அந்தப் பக்கம் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாய். உன் மாமன் செல்வராசுவிடம் மட்டும் சொன்னேன். புள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று ரெண்டு பேரும் பேசிக்கொண்டோம். அது நல்ல காரணமாக எங்களுக்குத் தோன்றியது. பீரோவின் மேல்தட்டில் விரித்திருந்த பேப்பருக்கு அடியில் அந்தச் சீட்டை வைத்தேன். ‘என்னுங்க சொன்னாங்க?’ என்று உன் அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை, அதுதான் மிசின் வெச்சாச்சே என்றேன்.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு, அது உனக்குத் தெரியாது. ஒரே தடவையில் தொட்டியில் போடுகிற ஒரு லாட்டுத் துணி சாயத்தில் திட்டுத் திட்டாக வந்துவிட்டால், சாயத்தைப் பிடிக்கவைக்கிற சோடாவை அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டிவிட்டால் அப்படி வந்துவிடும், அதைத் தூக்கி எறியமாட்டோம். மறுபடியும் தொட்டியில் போட்டுக் கறுப்பாக்கிவிடுவோம். கறுப்புக்குள் என்ன திட்டு இருக்கிறது என்று எவனும் பார்க்கமாட்டான். இளம் ரோஸ் கெட்டால் கறுப்பு, சந்தனக் கலர் கெட்டால் கறுப்பு. எத்தனையோ தப்பை அப்படி மூடியிருக்கிறேன், அதில் எனக்குக் கைராசிக்காரன் என்ற பேர்கூட உண்டு. வீட்டிலும் அதைத்தான் செய்தேன் அம்மிணி. உன் பரீட்சை முடிந்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். எங்கள் முதலாளி வேறு ஜில்லாவில் ஒரு பட்டறையை வாடகைக்குப் பிடித்து, வருகிறாயா என்று கேட்டார். ஒரே வாரம், திரும்பி வந்ததும் சொல்லிவிடலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவன், ஆனி மாசம் வரைக்கும் அங்கேயே இருந்தேன். வேலை இருந்ததால் இருந்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். உன் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு இருந்தேன் என்பதுதான் நிசம். அங்கமுத்துவும் அங்கே கூட வந்திருந்தான். தினமும் சாப்பாட்டு நேரத்தில் ‘சொல்லிட்டியா?’ என்பான். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, ‘நீ சொல்லலீன்னா நான் போய்ச் சொல்றேன்டா’ என்றான். என் குடும்பத்து விஷயத்தில் தலையிடாதே என்று கத்தினேன். அதோடு அவன் கேட்பதை விட்டுவிட்டான். அவன் விட்டதுதான் எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

ஆனியில் வந்து பார்க்கும்போது உன் அம்மாவின் கண் மஞ்சளாகியிருந்தது. அப்புறம் நடந்தது எல்லாம் நீ பக்கத்தில் இருந்து பார்த்தது. வெட்டி எடுக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது என்றார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள். கட்டி இருந்தது உள்ளங்கை அளவு இடத்தில். மருந்து போனது உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும். தலைமுடி போச்சு, நாக்கில் ருசி போச்சு, நகம் கறுத்துப் போச்சு. ஒரு நாள் நீ காலேஜுக்குப் போயிருந்தபோது, பீரோவைத் துடைத்தவள் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் ஸ்கேன் படம் அதில் ஒட்டியிருந்தது. எப்போது வந்தது என்று கேட்டாள். மாசியில் என்றேன். அந்தப் படத்தின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். அப்புறம் சொன்னாள்: ‘சொல்லியிருந்தா நான் பயந்துதானுங்க போயிருப்பேன். ஆனா பயந்துக்கிட்டே எந்திரிச்சு ஆஸ்பத்திரிக்கும் போயிருப்பனுங்க.’ அவ்வளவுதான். திட்டவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல்லு என்றும் சொல்லவில்லை. அடுத்த தையில் போய்விட்டாள். உன் அம்மாவுக்கு வந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிற படிப்பைத்தான் படிப்பேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றபோது, எனக்குள்ளே பாதி பெருமை, மிச்சம் பாதி, கொலை செய்தவனுக்கு வருகிற நடுக்கம். கலாமணி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது தாயி, அப்படியே எழுது.

இந்தப் பொங்கலுக்கு நீ வந்தபோது, உன் படிப்பு என்ன என்று எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தாய் இல்லையா. ஸ்கேன் மிசினாலேயே வைத்தியம் செய்கிறோம் என்று நீ ஆரம்பித்ததும் நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். வெற்றிலை துப்பப் போனேன் என்று நினைத்திருப்பாய். உன் அம்மா தப்பாக நம்பினது உன் வாயால் நிசமாக வருகிறதே என்றுதான் எழுந்து போனேன். திரும்பி வந்து கேட்டேன். உடம்பில் ஒவ்வொரு செல்லும் ஒரு பட்டறை என்றாய். எந்தச் சாயம் எவ்வளவு என்று மாஸ்டர் எழுதிக் கொடுக்கிற ரெசிப்பிச் சீட்டு மாதிரி, உள்ளே ஒரு சீட்டு இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எல்லாம் தயாராகிறது. கட்டிக்குள் புதுச் சீட்டு ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் அந்தச் செல்லே, இங்கே எதிரி இருக்கிறான் வா என்று உடம்பின் காவல்காரர்களைக் கூப்பிடும் என்றாய். அப்படியானால் செல்லுக்குப் படிக்கத் தெரியும், உன் அப்பனுக்குத்தான் தெரியாது என்றேன். நீ சிரித்தாய். சீட்டைக் கொண்டுபோகிறதுதான் கஷ்டம் என்றாய். அதை நீ விளக்க வேண்டியதே இல்லை, எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். சாயத்தைத் தண்ணீரில் கலக்கிவிட்டால் துணி வாங்கிக்கொள்ளுமா? உப்பு வேண்டும், சூடு வேண்டும், சோடா வேண்டும். இல்லையென்றால் சாயம் தொட்டியில்தான் மிதக்கும், ஒரு அலசு அலசினால் வெளுத்துப் போகும்.

உங்களுக்கு உப்பும் சோடாவும் நீ சொன்ன அந்தக் குமிழிகள். ரத்தத்தில் ஓடுகிற அணுவைவிடச் சின்னது, உள்ளே காற்று, மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு தோல். அதைச் சீட்டோடு சேர்த்துக் கை நரம்பில் ஏற்றினால் உடம்பெல்லாம் சுற்றி வரும். கட்டிக்கு நேராக மிசினை வைத்தால், மிசின் போடுகிற, காதுக்குக் கேட்காத சத்தம் படுகிற இடத்தில் மட்டும் குமிழி நடுங்கி உடையும். உடைகிற அதிர்ச்சியில் பக்கத்துச் செல்லின் சுவரில் ஊசிமுனைகூட இல்லாத ஒரு வழி திறக்கும். கண் மூடித் திறப்பதற்குள் சீட்டு உள்ளே போய்விடும், சுவர் தானாக மூடிக்கொள்ளும். மற்ற இடத்தில் சத்தம் படுவதில்லை, அதனால் அங்கே பெரிதாக எதுவும் இறங்குவதில்லை என்றாய். போனில் எனக்கு ஒரு எலியின் படம் காட்டினாய். மின்மினிப் பூச்சியிடமிருந்து எடுத்த சீட்டை வைத்துச் சோதித்தது அது. எலி முழுக்க இருட்டு. மிசின் வைத்த இடத்தில் மட்டும் விரல்நுனி அளவு வெளிச்சம். எத்தனையோ கலரை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அந்த வெளிச்சத்துக்கு என்னிடம் கலர்ப் பேர் இல்லை. முடியும் நகமும் கேட்காமல், இருக்கிற இடத்துக்கு மட்டும் போகிற மருந்து. எல்லா எலிக்கும் கட்டி சுருங்கவில்லை, சிலதுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதையும் நீயாகவேதான் சொன்னாய். நான் கேட்கவே இல்லை. என் மகள் கறுப்புச் சாயம் போடத் தெரியாதவள் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை உன் வாயில் ‘பாக்கலாம் மாமா’ வந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அது உன் பேச்சு இல்லை, என்னுடையது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸேறி நெருப்பெரிச்சல் ஊருக்குப் போனேன். அங்கமுத்து தன் மகன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்திருந்தான். மெலிந்துவிட்டான், வாய் மட்டும் மெலியவில்லை.

‘வா மாப்ளே. டாக்டரம்மா அனுப்பிச்சாளா, நீயா வந்தியா?’

நானாகத்தான் வந்தேன் என்றேன்.

‘அப்பக் கெட்ட சேதிதான். நல்ல சேதின்னா நீ போன்லயே ஊரைக் கூட்டுவே.’

உனக்குச் சொந்த மாமன் மாதிரி இருக்கிறவனிடம் நீ சொல்ல முடியாமல் போனதை நான் சொன்னேன். இதில் குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை என்றேன். இது எலியைத் தாண்டி மனுசர் உடம்புக்கு அங்கே இப்போதுதான் வருகிறது. ஒத்துக்கொள்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். ஒருவேளை நல்லதும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம், காய்ச்சலோ வலியோ வரலாம். நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் எழுந்து வந்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள், மற்ற வைத்தியத்தையும் நிறுத்தமாட்டார்கள். எல்லாவற்றையும் நீ எனக்குச் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவன் சேரை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

‘உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்லாததை என்கிட்டச் சொல்லிப்போட்டே. பரவால்ல, வயசாவ ஆவத்தான் உனக்கு வாய் தொறக்குது’ என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவன் அதைப் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டு கேட்டான்: ‘நாம ஒரு நாளாச்சும் சாம்பிள் போடாம லாட்டுப் போட்டிருக்கமா?’

சாம்பிள் என்பது பிட்டுத் துணி, நீ மனுசன்டா என்றேன்.

‘பிட்டுத் துணிதான். சரியா வந்ததை அட்டையில குத்தி எத்தனை வருசம் வெச்சிருந்தாரு மாஸ்டரு? சரியா வராததையும் வீசமாட்டாரு. எதுல தப்புச்சுன்னு பின்னால எழுதி வெப்பாரு. அடுத்த லாட்டு அதுல தப்பிச்சுக்கும். இருக்கற மருந்தெல்லாம் பாத்தாச்சு மாப்ளே, இதையும் பாத்துப்போடறேன். கொணமானா உன்ற மகளுக்குக் கெடா விருந்து வெக்கறேன். ஆகலீன்னா பின்னால எழுதிக்கட்டும். ஆனா ஒண்ணு. என்னன்னு தெரிஞ்சுதான் நான் உள்ள எறங்குவேன். அதை அந்தப் புள்ள என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும். நீ சொல்றது கணக்கில்ல.’

நான் சொன்னது கணக்கில்லை அம்மிணி, உன் வாயால் கேட்டால்தான் அவன் கையெழுத்துப் போடுவான். நீ அந்த நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால் அவன் எழுந்து வந்துவிடுவான். வேறு ஆள் நன்றாகவே சொல்லலாம், ஆனால் அவன் நம்புகிற ஆள் நீ. உனக்கு ஒரே ஒரு யோசனைதான் சொல்வேன், அதுவும் என் தப்பிலிருந்து எடுத்தது. எதிரில் இருக்கிறவர் பயந்துவிடுவார் என்று நீயாக முடிவு செய்யாதே. பயப்படுவார்கள். பயந்துகொண்டே எழுந்து நடக்கவும் மனுசருக்குத் தெரியும், உன் அம்மா எனக்குச் சொல்லிவிட்டுப் போனது அதுதான். இன்னொன்று, மிசினை மேலே வைக்கிறதுக்கு முன்னால் இது என்ன செய்யும் என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் பேச்சில் சொல். தையல்காரருக்குத் தையலில் சொல், தோட்டக்காரருக்குத் தண்ணீர் கட்டுகிற மாதிரிச் சொல். பசை குளிரும் என்பதையும் சொல். படிக்காதவனுக்கு விளங்காது என்று பெரிய டாக்டர் யாராவது அவசரப்படுத்தினால், என் அப்பனுக்கு விளங்கியது என்று சொல்லிவிடு. எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அங்கமுத்துவுக்கு ஆகுமோ ஆகாதோ, அவனுக்கு அடுத்து வருகிறவருக்கு, அதற்கும் அடுத்து வருகிறவருக்கு என்று எங்கேயோ ஒரு ஆளின் ஈரலில் அந்தச் சீட்டு சரியாகப் போய் உட்காரும். அந்த ஆள் முடியும் நகமும் அப்படியே இருக்க, வீட்டுக்குப் போய்க் கம்மஞ்சோறு குடிக்கும். அதை நீ பார்ப்பாய். நான் பார்க்காவிட்டாலும் குறையில்லை.

என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அது நியாயம். போன் செய்யாமல் இருந்தாலும் நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். அந்தக் கோபத்தை அந்த நாற்காலிமேல் மட்டும் காட்டிவிடாதே. நான் சொன்னதில் ஏதாவது குறைத்தோ கூட்டியோ சொல்லிவிட்டேனா என்று உனக்குச் சந்தேகம் வந்தால் அதுவும் நியாயம்தான். பொய் சொன்னவனின் பேச்சை ஒத்துப் பார்க்க இன்னொரு வாய் வேண்டும். மாசி மாசத்தில் நடந்தது தெரிந்தவர்கள் என்னைத் தள்ளி நாலு பேர். சீட்டைப் படித்துச் சொன்ன டாக்டர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. உன் மாமன் செல்வராசு அவினாசி ரோட்டில் லாரியில் அடிபட்டுப் போனான். உன் அம்மா போனாள். மிச்சம் இருக்கிறவன் வருகிற புதன்கிழமை காலையில் என்னோடு ரயிலில் வந்து இறங்கி உன் எதிரில் உட்காருவான். முதலில் அவன் கேட்டதற்குப் பதில் சொல். அப்புறம் நீ கேட்க வேண்டியதை எல்லாம் அவனிடம் கேட்டுக்கொள். உயிரோடு இருக்கிற ஒரே சாட்சி அங்கமுத்து.